படத்தில் இல்லாத சிறகுவலை

வரைபடம் செய்யும் எங்கள் பிரிவின் கணினி அறையைக் கழற்றிவிட்டார்கள். இனி எல்லா வேலையும் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் வாடகைக் கணினிகளில் நடக்குமாம். அந்த அறையில் இப்போது உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னவள் வினோதினி. என்னிடம் வேலை பழகியவள், நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் இருப்பவள். பிரிவு ஒரு மலர் வெளியிடப் போகிறது, அதற்கு நானும் எழுத வேண்டும் என்று ரெலிபோனில் கேட்டாள்.

“அக்கா, செய்மதிப் படங்களை எப்பிடி அவ்வளவு கெதியாச் செய்யத் தொடங்கினது எண்டு எழுதுங்கோ. புதுசா வந்த பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது.”

“எழுதுறன். பேந்து வெட்டக் கூடாது.”

“உங்களை ஆர் அக்கா வெட்டுறது?”

“முந்தி வெட்டினவைதானே.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மலர்களில் வரும் கட்டுரைகளை எனக்குப் பிடிக்காது. எல்லாரும் எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் குறைவு. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் மண்டைதீவு. கணிதம் படித்தேன். முதல் வேலை, விமானத்தில் இருந்து எடுத்த படங்களைக் கண்ணாடிக் கருவிக்குள் வைத்துப் பார்த்துக் கோடு கீறுவது. சண்டைக் காலத்தில் தீவை விட்டுப் போய், வேறு ஊர்களில் அதே கோட்டைக் கீறி, பிறகு திரும்பி வந்தேன். இடையில் வெளிநாடு ஒன்றுக்கு அனுப்பி, வானத்தில் சுற்றும் செய்மதி எடுக்கும் படத்தை வாசிக்கப் பழக்கினார்கள். அங்கே குளிர், இங்கே வெயில். படம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் பிரிவு யாழ்ப்பாண நகரில் இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் மண்டைதீவுச் சந்தியில் பஸ் ஏறிப் பண்ணைப் பாலம் தாண்டிப் போவேன். பாதையின் இரண்டு பக்கமும் பரவைக்கடல். இடுப்பளவு தண்ணீர்தான். அதில் சிறகுவலைகள் நிற்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடலின் அடியில் வரிசையாகத் தடிகளை நட்டு, வலையை இரண்டு சிறகு போல விரித்துக் கட்டுவார்கள். இரண்டு சிறகும் சேரும் முனையில் கூடு இருக்கும். றாலும் மீனும் சிறகை ஒட்டி நீந்திக் கூட்டுக்குள் போய்விடும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகலாம். என் தம்பி தாசனுடைய வலையும் அதில் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறது.

எங்கள் பணிப்பாளர் சிவபாலன் சேர். நல்லூரில் இருந்து காரில் வருவார். கார்த் திறப்பை விரலில் மாட்டிக்கொண்டு, நாங்கள் வேலை செய்யும் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார். பேச மாட்டார். திறப்பு கிலுங்குவதை வைத்துத்தான் அவர் நிற்பது தெரியும். கொஞ்சம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்.

“எவ்வளவு நேரம்?”

படம் சரியா, பிழையா என்று கேட்ட நாள் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவரைக் கூடாத ஆள் என்று சொல்ல மாட்டேன். யாரையும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. அடுத்தவர் செய்த வேலையில் தன் பெயரைப் போட்டதில்லை. அந்தக் கணினிகளை வாங்குவதற்கு மேலிடத்துக்கு நடையாய் நடந்தவர் அவர்தான்.

அதுவரை எங்களிடம் இருந்த கணினி ஒரு படத்தை எடுத்தால், ஒரு படப்புள்ளியை முடித்துத்தான் அடுத்த படப்புள்ளிக்குப் போகும். யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவுகளையும் ஒரு முறை முடிக்க நாட்கணக்காகும். புதிதாக வந்ததில் பொடியங்கள் கணினி விளையாட்டுக்கு வாங்கும் வகை அட்டைகள் இருந்தன. ஒரு அட்டைக்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்கர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் கெட்டிக்காரர் இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு படப்புள்ளியைச் செய்வார்கள்.

முதல் நாள் ஓடவிட்டபோது, புதியது பழையதைவிட மெதுவாக ஓடியது. சிவபாலன் சேர் பின்னால் நின்றார். திறப்பு கிலுங்கவே இல்லை.

“மிஸ் றோசலின், இது பழுதோ?”

“பழுதில்லை சேர். சாப்பாடு போய்ச் சேரேல்லை.”

அதுதான் உண்மை. அட்டைகள் கணக்குச் செய்யவில்லை, காத்துக்கொண்டு நின்றன. எங்கள் படங்கள் நாள் வாரியாக அடுக்கியிருந்தன. ஒரு நாள் படம் முழுவதும், பிறகு அடுத்த நாள் படம் முழுவதும். கணக்குக்குத் தேவை ஒரே இடத்தின் எல்லா நாள் மதிப்புகளும். தபால்காரர் ஒருவர் ஒரு வீட்டுக்குக் கடிதம் கொடுக்க, ஒவ்வொரு நாள் கட்டையும் அவிழ்த்துத் தேடிக் கட்டுவது போன்ற கூத்து. கடிதங்களை வீட்டு வாரியாக முதலிலேயே அடுக்கினால் அந்தக் கூத்து இல்லை. நான் படங்களைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இட வாரியாக மதிப்புகளை அடுக்கினேன். ஒரு துண்டு கணக்கில் இருக்கும்போதே அடுத்த துண்டை வாசிக்க வைத்தேன். துண்டுகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும் இடத்தில் கோடு விழும். இதெல்லாம் ஓடத் தொடங்கியபோது, நாட்கணக்கு வேலை ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது.

வினோதினி கேட்ட வேகம் இதுதான். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அட்டையை எல்லாரும் புகழ்வார்கள். அடுக்கினதை யாரும் புகழ மாட்டார்கள்.

வேகத்தை நான் குறை சொல்லவில்லை. மழை வெள்ளத்தின்போது காலையில் வந்த படத்தில் இருந்து மத்தியானத்துக்கு முதல் வெள்ள வரைபடம் கொடுத்திருக்கிறோம். அதை வைத்துச் சனத்தைப் படகில் ஏற்றினார்கள். அது நல்ல வேலை.

அந்த அட்டைகளில் நாங்கள் அதிகம் செய்தது சுத்தமான படம். செய்மதிப் படத்தில் எப்போதும் முகில் இருக்கும். கடலில் நுரை, வெயில் பளபளப்பு, போகிற வள்ளம் எல்லாம் இருக்கும். இவற்றை எடுக்க உலகம் முழுவதும் ஒரு முறை இருக்கிறது. ஒரே இடத்தின் பல நாள் மதிப்புகளைச் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கு, நடுவில் நிற்பதை எடு, மற்றதை எறி. பள்ளிக்கூடத்தில் இடையம் என்று படித்திருப்பீர்கள். முகில் வந்து போகும், அதனால் நடுவில் வராது. நிலமும் வீடும் பாதையும் நிற்கும், அதனால் மிஞ்சும். சுருக்கமாகச் சொன்னால், பாதிக்கு மேற்பட்ட நாட்கள் ஓரிடத்தில் நிற்பது படத்தில் இருக்கும். மற்றது இல்லை.

முதல் பிழை நெடுந்தீவில் வந்தது. இடையம் எடுக்க முதல், தெளிவாக முகில் என்று தெரிவதை வெட்டி எறிய ஒரு விதி வைத்திருந்தோம். வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் முகில். நெடுந்தீவின் நிலம் முழுக்க வெள்ளைக் கல். மதிலும் கல், தரையும் கல். கோடையில் புல்லும் காய்ந்துவிட்டால் மேலே இருந்து பார்க்கக் கல் மட்டும்தான். விதி அதை முகில் என்று வெட்டியது. ஒவ்வொரு நாள் படத்திலும் வெட்டியது. கடைசியில் சுத்தமான படம் வந்தபோது, தீவின் நடுவில் பெரிய ஓட்டை.

சிவபாலன் சேர் பின்னால் நின்றார்.

“நெடுந்தீவுக்கு என்ன நடந்தது?”

“முகில் எண்டு வெட்டிப்போட்டுது சேர். அது கல்லு.”

“கல்லு ஏன் உவ்வளவு வெள்ளையா இருக்கு?”

“அதை நெடுந்தீவு ஆக்களைத்தான் கேக்க வேணும்.”

“சரி. திருத்த எவ்வளவு நேரம்?”

திருத்தினேன். முகில் நகரும், அதற்கு நிழல் இருக்கும். கல் நகராது. அதனால் நகராததை வெட்டாதே என்று விதியை மாற்றினோம். அன்றில் இருந்து எங்கள் அறையில் ஒரு பேச்சுப் பழகிவிட்டது. நிற்பது நிலம், நகர்வது குப்பை. சேரும் அதைச் சொல்லத் தொடங்கினார். வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். நெடுந்தீவுக்கு அது சரி. அதை எல்லா இடத்துக்கும் சரி என்று நினைத்தார்கள், அதுதான் வினை.

பிறகு எங்கள் பரவைக்கடலில் கடலட்டைப் பண்ணை போட ஒரு கம்பனி இடம் கேட்டது. கடலட்டை கடலடியில் ஊரும் ஒரு உயிர், வெளிநாட்டுக்குப் போகிற சாமான். கடலில் வேலி அடைத்து வளர்ப்பார்கள். வேலி அடைத்த இடத்தில் வேறு யாரும் தொழில் செய்ய ஏலாது. அதனால் இடம் கொடுக்க முதல் அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்கும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. சேர் அதை எனக்குத் தரவில்லை, வேறு ஆட்களிடம் கொடுத்தார். நான் அப்போது வெள்ள வரைபடங்களில் இருந்தேன். அவர்கள் இரண்டு ஆண்டுப் படங்களை எடுத்துச் சுத்தமான படம் செய்தார்கள். அதில் தெரிந்த வலை, வேலி, இறங்குதுறை எல்லாவற்றையும் கணினியே கண்டுபிடித்துக் குறித்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்த வேலை.

எனக்கு அது தெரியவந்தது என் குசினியில். தாசன் வழமை போல றால் பையோடு வந்தான். வழமையாக மேசையில் வைத்துவிட்டுப் போகிறவன், அன்று பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றான்.

“அக்கா, இந்த றாலை என்ன செய்யப் போறீங்கள்?”

“குழம்பு வைக்கப் போறன். ஏன்?”

“வைக்கேலாது. இது இல்லாத றால். இல்லாத வலையில பிடிச்சது.”

“விசர்க்கதை கதைக்காமல் இஞ்சை தா.”

“நான் கதைக்கேல்லை. உங்கட கந்தோர்தான் கதைக்குது.”

ரெலிபோனை நீட்டினான். பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த வரைபடத்தை யாரோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் பிரிவின் வரைபடம். எங்கள் கரையின் முன்னால் உள்ள கடல் முழுவதும் நீலக் கோடு போட்டு, பயன்பாடற்ற நீர்ப்பரப்பு என்று எழுதியிருந்தது. எதிர்க்கரையில் மட்டும் ஒரு சிறகுவலை குறித்திருந்தது. அது அங்குள்ள சம்மாட்டி ஒருவருடையது. அவருக்குப் பல வள்ளங்கள், பல ஆட்கள், பெரிய இடத்துப் பழக்கம். நல்ல இடம் ஒன்றைப் பிடித்து, வருடம் முழுவதும் தடியைப் பிடுங்காமல் வைத்திருக்கிறார். யாரும் கேட்க ஏலாது.

“அந்தாள் இருக்கிறார். நாங்கள் இல்லை,” என்றான் தாசன். “அடுத்த கிழமை கூட்டம். அதில இடம் குடுத்தால் வேலி வரும். வேலி வந்தால் நான் எங்கை போறது? உங்கட குசினிக்குள்ள தடி நடுறதோ?”

காலையில் பஸ்ஸில் பார்த்த வலைகள் படத்தில் எப்படி இல்லாமல் போகும்?

அடுத்த நாள் கந்தோருக்குப் போனதும் முதல் வேலையாகத் தனித்தனி நாள் படங்களைத் திறந்தேன். வலை இருந்தது. தடி தெரியாது, ஆனால் தடியில் தங்கும் பாசியும், சிறகுக்குப் பின்னால் நிற்கும் கலங்கலும் தெரியும். கடலில் கறுப்பாக ஒரு அம்புத்தலை போல. ஒரு படத்தில் இங்கே, சில மாதம் தள்ளி இன்னொரு படத்தில் அங்கே. எல்லாப் படத்திலும் வலைகள் இருந்தன. எந்த இரண்டு பருவத்திலும் ஒரே இடத்தில் இல்லை.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் கரையில் கடலின் ஒவ்வொரு தொழில் இடத்தையும் பாடு என்று சொல்வோம். நல்ல பாடும் உண்டு, உதவாத பாடும் உண்டு. நல்லதை ஒருவரே வைத்திருந்தால் மற்றவன் பட்டினி. அதனால் அந்தோனியார் திருநாள் முடிந்த கிழமை கோயில் வளவில் சீட்டுப் போடுவார்கள். சீட்டில் விழுந்த பாட்டில் தொழில். சில மாதத்தில் தடியைப் பிடுங்கி அடுத்த பாட்டுக்கு மாற வேண்டும். அடியில் கலங்கிய சேறும் படிந்துவிடும், எல்லாருக்கும் நல்லதும் கெட்டதும் மாறி மாறி வரும். சண்டை இல்லாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

மாறிக்கொண்டே இருந்தபடியால் எந்த இடத்திலும் பாதி நாளுக்கு மேல் வலை நிற்கவில்லை. பாதி நாளுக்கு மேல் நிற்காததை இடையம் எறிந்துவிடும். நியாயமாகப் பங்கிட்டவர்கள் அழிந்தார்கள். அடாத்தாகப் பிடித்து வைத்திருந்தவர் வரைபடத்தில் ஏறினார். கணினி எந்தப் பிழையும் விடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. இதை நினைக்க எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

நேராகச் சேரின் அறைக்குப் போனேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் ஒன்றை மாற்றி ஒன்று பார்த்தார்.

“இடையம் எல்லாரும் பாவிக்கிற முறை, மிஸ் றோசலின்.”

“ஓம் சேர். நிலத்துக்குச் சரி. இவையள் நிலம் இல்லை.”

“வரைபடம் போட்டுது. இனி எப்பிடித் திருப்பி எடுக்கிறது?”

“பிழையெண்டால் திருப்பித்தான் எடுக்க வேணும்.”

திறப்பை மேசையில் வைத்தார். “ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. அந்தக் கரையில உங்கட தம்பியும் தொழில் செய்யிறார்தானே?”

“செய்யிறான்.”

“அப்ப ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

“தம்பியெண்டு சொல்லுவினம். சொல்லட்டும். தம்பியெண்டால் படத்தில இருந்து அழிக்கலாம் எண்டு எங்கையாவது எழுதியிருக்கோ?”

நான் செய்ய வேண்டியதைச் சொன்னேன். நடு மதிப்பை எடுக்காமல் ஒவ்வொரு நாள் படத்திலும் அம்புத்தலை போன்ற கோட்டைத் தேட வேண்டும். ஒரு படப்புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துண்டுகள் பெரிதாக வேண்டும், அட்டையின் நினைவகத்துக்குள் அடங்காது, பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

“எவ்வளவு நேரம்?”

“ஒரு நாள் முழுக்க.”

“முதல் செய்ததுக்கு ஒரு தேத்தண்ணி நேரம்தான் போனது.”

“அது எறியிற வேலை சேர். இது தேடுற வேலை.”

அவர் திறப்பைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, “செய்யுங்கோ,” என்றார். “ஆனால் கூட்டத்தில நான்தான் கதைப்பன். நீங்கள் வரலாம். வாய் திறக்கக் கூடாது. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

ஒத்துக்கொண்டேன். வேலையைச் செய்தேன். நடுவில் ஒரு முறை மின்சாரம் போய் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. முடிந்தபோது இரண்டு ஆண்டில் எங்கெங்கே வலை நின்றதோ அத்தனையும் ஒரே வரைபடத்தில் சிவப்பாக வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் கூட்டம் வரைக்கும்தான்.

கூட்டம் தீவுப் பக்கத்தில், பிரதேச செயலக மண்டபத்தில். பிரதேச செயலாளர், கம்பனியின் முகாமையாளர், வேறு சில அதிகாரிகள், எங்கள் கரையின் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் பின் வரிசையில் இருந்தேன். சேர் சுவரில் வரைபடத்தைக் காட்டினார். முன்னைய வரைபடத்தில் விடுபட்டவை இவை என்று மரியாதையாகச் சொன்னார். கரை முழுக்கச் சிவப்பு.

கம்பனி முகாமையாளர் எழும்பினார். வடிவாக உடுத்திய, வடிவாகப் பேசுகிற ஆள்.

“முந்தி வலையே இல்லை எண்டினம். இப்ப கடலே இல்லை. இவ்வளவு வலையும் நிண்டால் தண்ணி ஓடுறது எப்பிடி, மீன் குஞ்சு வாறது எப்பிடி? பண்ணையாலதான் கடல் கெடுது எண்டு எங்களைச் சொல்லுறவை இதுக்கு என்ன சொல்லுவினம்?”

செயலாளர் எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு குடும்பத்துக்கு எத்தினை வலை வைச்சிருக்கிறியள்?”

“ஒண்டுதான் அம்மா,” என்றார் சூசையண்ணை. எங்கள் கரையின் சங்கத் தலைவர் அவர்.

“அப்ப இது?”

சூசையண்ணை சுவரைப் பார்த்தார். அவருக்கே நம்ப ஏலாமல் இருந்தது. தாசன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். முதலில் ஒருவரும் இல்லை என்று காட்டினோம். இப்போது கடலை அடைத்த கூட்டம் என்று காட்டுகிறோம். இரண்டும் ஒரே படங்களில் இருந்து வந்தவை.

சேர் ஏதோ சொல்லத் தொடங்கித் தடுமாறினார். நான் எழும்பினேன்.

“அது ஒரு நாளில நிண்ட வலை இல்லை. இரண்டு வருசத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சது. இவையள் பாடு மாறுறவை. சேர், தனித்தனிப் படத்தைப் போடுங்கோ.”

“மிஸ் றோசலின்,” என்றார் சேர் மெதுவாக.

“போடுங்கோ சேர். ஒவ்வொண்டாப் போடுங்கோ.”

சேர் கதிரையை இழுத்துக் கணினிக்கு முன்னால் இருந்து முதல் நாள் படத்தைத் திறந்தார். பரவைக்கடல், அதில் அங்கங்கே சில அம்புத்தலைகள், இடையில் நிறைய வெறுங்கடல். அடுத்த படம். அதே அளவு வலைகள். அடுத்தது. சில மாதம் தள்ளியதும் எல்லாம் இடம் மாறியிருந்தன. முன்பு நின்ற இடம் வெறுமை. முகில் மறைத்த படம் வந்தால் அதையும் காட்டினார், தவிர்க்கவில்லை. ஒரு விசையை அழுத்துவார், எல்லாரும் பார்க்கும்வரை இருப்பார், பிறகு அடுத்தது.

முதலில் பேசியவர் சூசையண்ணை.

“பொறுங்கோ, பொறுங்கோ. இதுக்கு முந்தினதுக்குத் திரும்பப் போங்கோ.”

சேர் திரும்பப் போனார்.

“தாசன், உந்தச் சிறகு உன்ரதோ?”

“ஏன்?”

“என்ர பாட்டுக்குள்ள வந்து நிக்குது. அண்டைக்குக் கேக்க இல்லையெண்டு சத்தியம் பண்ணினனி.”

“அது நீரோட்டம் சரிச்சது அண்ணை.”

“நீரோட்டம் உன்ர பக்கம் மட்டும் ஓடுமோ?”

மண்டபம் சிரித்தது. செயலாளரும் சிரித்துவிட்டு மேசையில் தட்டினார். “சண்டையை வெளியில வைச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு விளங்கீட்டுது,” என்றார். கம்பனி முகாமையாளர் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது சேர் தன் காரில் ஏறச் சொன்னார். வாய் திறந்ததற்குப் பேச்சு விழும் என்று இருந்தேன். பண்ணைப் பாலத்தில் காரை மெதுவாக்கி, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார்.

“உந்தப் படமெல்லாம் காட்டி முடிக்க எவ்வளவு நேரம் போச்சுது?”

“நான் பாக்கேல்லை சேர்.”

“நானும் பாக்கேல்லை,” என்றார். நான் எழுத்தில் எச்சரிக்கை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் மலருக்கு வடிவாக இருக்கும். ஆனால் நடந்தது இத்தோடு முடியவில்லை.

முடிவு சில கிழமையில் வந்தது. எங்கள் கரைக்கு முன்னால் பண்ணை இல்லை. கம்பனிக்கு வேறு இடம் பார்ப்பார்கள். அந்தக் கடல் சிறகுவலைக்கு ஒதுக்கப்படும். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு குடும்பமும் ஒரே இடத்தில் வலையை வைத்து அந்த இடத்தைப் பதிய வேண்டும். மாற ஏலாது. மாறிக்கொண்டிருந்தால் கண்காணிக்க முடியாது. கண்காணிப்பது எப்படி? வருடா வருடம் செய்யும் சுத்தமான படத்தில். அதில் வலை தெரியாவிட்டால் அந்த இடத்தின் உரிமை போய்விடும்.

நான் மேலிடத்துக்கு எழுதினேன். நேரிலும் போனேன். தனித்தனிப் படத்தில் தேடும் முறை இருக்கிறது, எழுதி வைத்திருக்கிறேன், ஒரு நாள்தான் எடுக்கும் என்றேன். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே முறைதான், உங்கள் ஒரு கரைக்காக மாற்ற முடியாது என்றார்கள். சொன்ன ஆள் இளம் ஆள். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் விசர்க்கதை விசர்க்கதை இல்லாமல் போய்விடுமா?

கோயில் வளவில் கூடிக் கதைத்தார்கள். சிலர் ஒத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளைக்கு இன்னொரு கம்பனி வரும், அப்போதும் நாங்கள் படத்தில் இருக்க மாட்டோம் என்றார் சூசையண்ணை. அந்தோனியார் திருநாள் வந்தது. கடைசி முறையாகச் சீட்டுப் போட்டார்கள். இந்த முறை விழுகிற பாடு சாகும்வரைக்கும்.

தாசனுக்குப் பாலத்துக்குக் கிட்ட உள்ள பாடு விழுந்தது. தண்ணீர் ஓடாத மூலை. முன்பெல்லாம் அந்தப் பாடு விழுந்தவனைப் பார்த்து மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள், அவனும் சிரிப்பான். சில மாதம்தானே. அன்றைக்கு ஒருவரும் பகிடி பண்ணவில்லை. சூசையண்ணை தன் பாட்டை மாற்றித் தரட்டோ என்று கேட்டார். சீட்டு எண்டால் சீட்டுத்தான் என்று தாசன் சொல்லிவிட்டான்.

சிவபாலன் சேர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். பிறகு நானும். அந்தத் தேடும் முறையைப் புதிய வாடகைக் கணினிகளுக்கு யாரும் மாற்றி எழுதவில்லை என்று வினோதினி சொன்னாள். அவளைக் குறை சொல்லவில்லை. கேட்டவர்கள் இல்லை.

இந்த வருடச் சுத்தமான படத்தை அவள் எனக்கு அனுப்பினாள். மிக நல்ல படம். ஒரு முகில் இல்லை, ஒரு நுரை இல்லை. தாசன் வந்தபோது காட்டினேன். ரெலிபோனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான்.

“இதில நான் எது?”

“இந்தா, பாலத்துக்குப் பக்கத்தில.”

“நல்லாத் தெரியுறன்.”

“ஓம்.”

“றால்தான் தெரியேல்லை,” என்றான்.

ரெலிபோனைத் திருப்பித் தந்துவிட்டுப் போனான். கையில் பை இல்லை. குழம்புக்கு நான் இப்போது றாலைச் சந்தையில் வாங்குகிறேன்.